உலகம்மாள் வாசலில் கூடிய இரண்டு புள்ளிகள்

2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பொதிகை மலையிலிருந்து மூன்று நாளாக இறங்கிக்கொண்டிருந்த சாரல் அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நின்றது. மேற்குக் காற்று மட்டும் ஈரத்தோடு வீசிக்கொண்டிருந்தது. வானம் துலக்கிக் கவிழ்த்த வெண்கலப் பானையைப் போல மங்கலாக ஒளிர்ந்தது. வாகைநல்லூர் நடுத்தெருப் பெண்கள் மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் தெரு வாசலில் கோலமிட்டனர். கோலமிட்டு உள்ளே சென்று, அடுப்பிலிருந்த பால் பொங்குவதற்குள் திரும்பி வந்த செண்பகவடிவு, தன் கோலத்தின் மீது பதினொரு சோடிக் காலடிகள், அரிசி மாவில் தோய்த்து வைத்தாற்போல் வெள்ளை வெளேரென்று, விரல்கள் யாவும் வீட்டை நோக்கியிருக்க, கோலத்தின் ஓர் இழையையும் கலைக்காமல் பதிந்திருக்கக் கண்டாள்.

அவள் அலறவுமில்லை, அக்கம்பக்கத்தாரைக் கூவி அழைக்கவுமில்லை. குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். குதிகாலில் பிறைபோல் தழும்பிருந்த ஒரு சோடியைக் கண்டதும், அது ஆறு வயதில் வெந்நீர்ப் பானையில் காலை விட்ட தன் மகனுடையது என்றும், அவன் இந்நேரம் மஸ்கட்டில் துறைமுகத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்க வேண்டியவன் என்றும் உணர்ந்து, சொம்பில் தண்ணீர் கொணர்ந்து வாசலின் ஓரத்தில் வைத்து, "வாய்யா" என்றாள். பிறகு, மற்றவர்கள் மனம் கோணக் கூடாதென்று, "எல்லாரும் வாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இவை யாவற்றையும் எதிர்வீட்டு உலகம்மாள் மாவுக் கிண்ணமும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவள் அளந்து போடும் அரிசியில் ஒரு பிடி கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அவள் இடும் கோலமும் அப்படியே. பதினைந்து புள்ளியில் தொடங்கி இருபுறமும் இரண்டிரண்டாகக் குறைந்து ஒன்றில் முடியும் அந்தக் கோலத்துக்கு நூற்றுப் பதின்மூன்று புள்ளிகள். மழையானாலும் பனியானாலும் நூற்றுப் பதின்மூன்று. நடுத்தெருவில் அவள் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போவது பால்காரரின் மிதிவண்டிக்குக்கூடப் பழகிப்போயிருந்தது.

இதற்குச் சில வாரங்கள் முன்பு அந்த ஊருக்கு முகநூல் வந்த விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேருந்து நிலையத்தில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாசம், ஊராருக்கும் ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களுக்குமாக 'வாகைநல்லூர்க் குடும்பம்' என்று முகநூலில் ஒரு குழுவைத் தொடங்கி, நூற்று அறுபது வீட்டாருக்கும் கடையில் உட்கார்ந்தபடியே அழைப்பு அனுப்பினான். மூன்று வாரம் சென்றும் அந்த வீடுகளிலிருந்து ஒருவரும் சேரவில்லை. வெளியூரில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். உள்ளூரில் இருந்தவர்கள் அசையவில்லை. பெரும்பாலோரிடம் கைபேசி இல்லாமலில்லை, தெரியாமலுமில்லை. வாகைநல்லூரில், நேரில் வந்து அழைக்காத இடத்துக்கு ஒருவரும் போவதில்லை என்பதுதான் காரணம். அச்சடித்த பத்திரிகை என்பது செய்தி. அழைப்பு என்பது வேறு. கணவனும் மனைவியுமாக வந்து, வாசலில் நின்று பெயர் சொல்லி, தாம்பாளத்தை இரு கையாலும் நீட்டி, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, அவசியம் வந்துவிட வேண்டும் என்று சொல்வதுதான் அழைப்பு. தேநீர்க் கடையில் ஒருவர் கைலாசத்திடம் கேட்டே விட்டார்: "நீ என்ன, நட்புக்குக் கூப்பிடுதியா, நோட்டீஸ் விடுதியா?"

கைலாசத்துக்கு உறைத்தது. மறுநாளே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மனைவி இசக்கியம்மாளைப் பட்டுச் சேலை கட்டச் சொல்லி, வெற்றிலை, பாக்கு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பிச்சிப் பூ, இவற்றின் நடுவே தன் கைபேசி என்று தாம்பாளத்தை நிறைத்துக்கொண்டு, நான்கு நாளில் நூற்று அறுபது வீட்டுக்கும் போய், முகநூலுக்கு அவசியம் வந்துவிட வேண்டும் என்று முறைப்படி அழைத்தான். அன்றன்று மாலையே அந்தந்தத் தெருவார் சேர்ந்தார்கள். கைபேசி இல்லாத பதினெட்டு வீட்டார், அழைப்பை வாங்கிக்கொண்டு போகாமலிருப்பது மரியாதையில்லை என்று அம்பாசமுத்திரம் போய்க் கைபேசி வாங்கி வந்து சேர்ந்தார்கள்.

உலகம்மாள் வீட்டுக்கு அவர்கள் வந்தபோது நடந்தது சிறிய செயல். அவள் கணவர் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று முதல் அவள் வீட்டுக்கும் தாம்பாளங்கள் வராமலில்லை, வந்தன. ஆனால் அவளிடம் நீட்டும்போது சந்தனக் கிண்ணமும் பூவும் இருக்கும் பக்கம் ஒரு விரற்கடை பின்வாங்கும். நீட்டுகிறவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. கை தானாகச் செய்யும். அந்த ஒரு விரற்கடையை உலகம்மாள் எந்த ஆண்டும் காணத் தவறியதில்லை. இசக்கியம்மாளின் கை பின்வாங்கவில்லை. எல்லாரிடமும் எப்படி நீட்டினாளோ அப்படியே நீட்டி, "எக்கா, சந்தனம் எடுத்துக்கிடுங்க. நீங்க வராம நல்லாருக்காது" என்றாள். உலகம்மாள் சந்தனம் எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே, கோயம்புத்தூரில் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தன் ஒரே மகள் பரமகல்யாணியைத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தாள். மற்றவர்கள் எதற்காகச் சேர்ந்தார்களோ, அவள் அந்த ஒரு விரற்கடைக்காகச் சேர்ந்தாள். சேர்ந்ததும், நாள்தோறும் விடிந்தவுடன் தன் கோலத்தைப் படமெடுத்துத் தன் பக்கத்தில் இடுவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

காலடிகளின் முறைமை ஒரே நாளில் விளங்கிவிட்டது. யார் யார் ஒருவருடைய பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்களோ, அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பார்த்த அந்த நிமிடத்தில் அவர்களுடைய காலடி அந்த வீட்டு வாசலில் பதிந்தது. மறுநாள் காலை பெருக்கித் தெளிக்கும்வரை இருந்தது. எறும்புகள் கோலத்தைத் தின்றது போலவே மஸ்கட்டிலிருந்து வந்த காலடியையும் சிங்கப்பூரிலிருந்து வந்த காலடியையும் வேற்றுமை பாராமல் தின்றன. இது ஏன் நிகழ்கிறது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்பதே அவர்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

முதல் வாரத்திலேயே பெரும் மனக்குறை ஒன்று எழுந்தது. வந்த காலடிகளில் பாதி, செருப்புக் காலடிகள். சென்னையில் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பூட்சுக் காலோடு வந்திருந்தார்கள். சிகாகோவிலிருந்து ஒருவன் ஓட்டப் பயிற்சிக்கான பெரிய காலணியோடு, தாயார் இட்ட கோலத்தின் நட்டநடுவே நின்றிருந்தான். அன்றிரவுக்குள் எல்லாத் திசைக்கும் தொலைபேசி பறந்தது. செருப்போடயா வீட்டுக்குள்ள வருவிய என்று தாய்மார் கேட்க, வாகைநல்லூரின் பிள்ளைகள் உலகமெங்கும், முகநூலைத் திறக்கும் முன் காலணியைக் கழற்றி மேசைக்கு அடியில் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். உள்ளூரிலும் அப்படியே. தேநீர்க் கடை வாசலில் வரிசையாகச் செருப்புகள் கிடந்தால், உள்ளே பெரியவர்கள் கைபேசி பார்க்கிறார்கள் என்று பொருள்.

ஒளித்துப் பார்ப்பது என்பது ஊரில் இல்லாமற்போயிற்று. பெண் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போன கடையத்து மாப்பிள்ளையின் தாயார், அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நாளைக்கு நான்கு முறை வந்து நின்றதைத் தெருவே கண்டது. தரகர் அந்தக் காலடிகளைக் காட்டியே பேச்சைப் புதுப்பித்து, ஆவணியில் திருமணத்தையும் முடித்துவைத்தார்.

வெறும் வாசல்களும் இருந்தன. தந்தி அலுவலகத்தில் ஓய்வு பெற்றுத் தனியே வாழ்ந்த சிதம்பரநாதன், கோலம் போடத் தெரியாததால் சுண்ணாம்புத் தூளால் ஒரு நேர்க்கோடு இழுத்துவிட்டுக் காத்திருந்தார்; எட்டு நாளாகியும் அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் கைலாசம் தன் கடை வாசலில் ஒரு கரும்பலகையை வைத்து, அன்றன்றைக்கு எந்தெந்த வாசல் வெறுமையாக இருக்கிறது என்று எழுதத் தொடங்கினான். ஊராரும் வெளியூராரும் நாள்தோறும் ஒரு வெறும் வாசலுக்காவது போய்வர வேண்டும் என்பது, யாரும் தீர்மானம் போடாமலே சட்டமாயிற்று. பத்தாம் நாள் காலை சிதம்பரநாதன் வாசலில் தொண்ணூற்றாறு சோடிக் காலடிகள், கோடு மறைந்துவிட்டது. அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மாலைவரை வாசலிலேயே நின்று ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனியே கைகூப்பினார். அந்த ஆண்டில் அதன்பின் வாகைநல்லூரில் ஒருநாள்கூட ஒரு வாசலும் வெறுமையாக இருந்ததில்லை. அணையும் ஆலையும் இல்லாத அந்த ஊர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இது ஒன்று போதுமானதாக இருந்தது.

சமூக ஊடகங்களில் மக்கள் ஏன் சேர்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், கேள்வித்தாளோடு வந்தார். பொழுதுபோக்கு, செய்தி அறிதல், உறவு பேணல், பிறர் பாராட்டு என நான்கு விடைகள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்றைக் குறிக்க வேண்டும். செண்பகவடிவு தாளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்கு ஆளு வந்தா எதுக்கு சார் வாங்கன்னு சொல்லுதிய? அது அந்த நாலுல எதுல வருதோ, அதுலயே குறிச்சுக்கிடுங்க" என்று சொல்லிக் காப்பி கொடுத்தாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கேள்வித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது கோலத்தை மிதித்துவிட்டுப் போனதைத்தான் தெரு பிறகும் பேசிக்கொண்டிருந்தது.

ஆவணி முதல் நாள் காலை ஆறேகால் மணிக்கு, உலகம்மாள் வாசலில் ஒற்றைக் கால் விழுந்தது. வலது கால். சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி, கோபித்துக்கொண்டு தனியே நிற்பதைப் போல வெளிப்புறம் திரும்பியிருந்தது. அந்த விரலை அப்படித் திருப்பியது ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். திரும்பிய அன்று அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டவள் ஒன்பது வயது உலகம்மாள். விரலுக்குரியவர் அவளுடைய ஒரே அண்ணன் ஆவுடைநாயகம். அன்று காலையே அவரிடமிருந்து நட்பு அழைப்பும் வந்திருந்தது.

ஆவுடைநாயகம் மும்பையில் நெசவாலை ஒன்றில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டவர். தங்கையின் கணவர் இறந்தபோது ஓடி வந்து, மூன்று மாதம் தங்கி, அவளுக்குச் சத்துணவு வேலை கிடைக்கும்வரை அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர். அத்தகையவர், மூன்று ஆண்டு கழித்து, 1998இல், தம் மகளின் திருமணத்துக்குத் தங்கையைத் தபாலில் அழைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை, தபால்தலை ஒட்டி வந்தது. கூடவே ஒரு வரி எழுத்துமில்லை. அத்தை முறைக்கு நின்று மணப்பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டியவள் அவள். தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, அழைத்தது போலவும் இருக்கட்டும், அழைக்காதது போலவும் இருக்கட்டும் என்று தபாலில் போட்டிருக்கிறார்கள் என உலகம்மாள் முடிவு செய்தாள். அவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் இருவரும் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. பத்திரிகை மட்டும் அவள் பெட்டியின் அடியில், மஞ்சள் வெளுத்து, அப்படியே கிடந்தது.

"அப்பம் தபால்ல கூப்பிட்டாவ. இப்பம் அந்தத் தபால்தலையையும் மிச்சம் பிடிச்சுட்டாவ" என்று, கைபேசியில் காத்து நின்ற நட்பு அழைப்பைப் பார்த்து உலகம்மாள் சொன்னாள். ஏற்கவுமில்லை, நிராகரிக்கவுமில்லை. வாசலில் விழும் மற்றக் காலடிகளுக்கெல்லாம் வாங்க என்றாள்; அந்த ஒரு காலுக்கு வாய் திறக்கவில்லை. ஒருவரை வாங்க என்று சொல்லாமலிருப்பது எத்தகைய தண்டனை என்று வாகைநல்லூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ஆயினும் கால் நாள்தோறும் வந்தது. அவள் கோலத்தின் படத்தை இட்டுவிட்டு உள்ளே போனவுடன், ஆறேகால் மணிக்கு, தவறாமல் வந்தது. ஒரு காலாக மட்டுமே வந்தது. ஊரில் வேறு எந்த வாசலிலும் ஒற்றைக் கால் விழுந்ததில்லை. ஆகையால் தெருவில் பலவாறு பொருள் கூறினார்கள். கைலாசம் இணைப்புக் கோளாறு என்றான். செண்பகவடிவு, மனம் முழுதாகத் துணியாதவர் ஒரு காலைத்தானே முன்னே வைப்பார் என்றாள். உலகம்மாளுக்கு அதுவே சரியென்று பட்டது. ஒரு கால் வாசலில், ஒரு கால் தெருவில். அழைத்தது போலவும் அழைக்காதது போலவும் அன்று செய்தவர், வந்தது போலவும் வராதது போலவும் இன்று செய்கிறார்.

இதே நாள்களில் அவளுக்கு வேறொரு துன்பமும் வந்து சேர்ந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கோலத்தில் புள்ளிகள் தவறத் தொடங்கின. மாலை பள்ளியிலிருந்து வந்து எண்ணினால் நூற்றுப் பதினைந்து இருந்தன. வரிசைக்கு வெளியே, ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளியில், இரண்டு புள்ளிகள் கூடுதலாக நின்றன. கண்ணாடியை மாற்றினாள். மாவைச் சலித்தாள். இடும்போதே வாய்விட்டு எண்ணினாள். காலையில் நூற்றுப் பதின்மூன்று. மாலையில் நூற்றுப் பதினைந்து. வயதாகிவிட்டது, கை தன்னையறியாமல் வைக்கிறது என்று நினைத்து, நாற்பதாண்டாக அவளை நிமிர்ந்து நடக்கவைத்த ஒன்று உள்ளே மெல்லச் சாய்வதை உணர்ந்தாள். நாள்தோறும் மாலையில், யாரும் பார்க்கும் முன், அந்த இரண்டு புள்ளிகளையும் கட்டைவிரலால் துடைத்துவிடுவாள்.

புரட்டாசியில் பரமகல்யாணிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தை மாதம் நாள் குறித்தார்கள். மாலை எடுத்துக்கொடுக்கத் தாய்மாமன் வேண்டும். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடி உலகம்மாளிடம் பேசினார்கள். நேரில் வந்து அழைக்கவில்லை என்பதுதானே மயினி உங்கள் வருத்தம், இரண்டு மாதமாக உங்கள் வாசலுக்கு நடையாய் நடக்கிறாரே, அது நேரில் வந்த கணக்கில்லையா என்று செண்பகவடிவு கேட்டாள். மகளும் தொலைபேசியில் கெஞ்சினாள். உலகம்மாள் அசையவில்லை.

"ரெண்டு காலையும் எடுத்து வச்சு வரட்டும். நானும் ரெண்டு கையாலயும் தாம்பாளம் நீட்டுதேன். ஒத்தக் காலுல நிக்கவருக்கு ஒத்தக் கையால கொடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். கூட்டம் கலைந்தது. தாய்மாமன் இல்லாமலே திருமணம் நடக்கட்டும் என்று அவள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். அந்தக் கல்லின் பளு அவளுக்கு மட்டுமே தெரியும்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள், ஒன்றிய அலுவலகத்திலிருந்து அலுவலர் ஒருவர் சத்துணவுக் கூடத்தை ஆய்வு செய்ய வந்தார். சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனவர். இரு அக்குளிலும் ஊன்றுகோல்களை வைத்து ஊன்றி ஊன்றி நடந்தார். உலகம்மாள் உலை அரிசியை அளந்துகொண்டிருந்தாள். அவர் மழையிலிருந்து நேரே படியேறி, உலர்ந்த சிவப்புச் சிமெண்டுத் தளத்தைக் கடந்து வந்து நாற்காலியில் அமர்ந்து, இருப்பு எவ்வளவு என்று கேட்டார். உலகம்மாள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து நாற்காலிவரை ஈரத் தடம் கிடந்தது. இரண்டு வட்டப் புள்ளிகள், நடுவே ஒரு கால். மறுபடி இரண்டு வட்டப் புள்ளிகள், நடுவே ஒரு கால். புள்ளிகளுக்கிடையே ஒரு முழம்.

படி அவள் கையிலிருந்து விழுந்து அரிசி சிதறியது. இருபத்திரண்டு ஆண்டில் அவள் அரிசி சிந்தியது அன்று ஒருநாள்தான். ஆயினும் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் சோறிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, பேரேட்டில் கையெழுத்திட்டுவிட்டே வீட்டுக்குப் போனாள்.

மழை நாள்களில் அவள் கோலமிடும், தகரக் கூரை போட்ட முன்வாசலில், காலைக் கோலம் கலையாமல் இருந்தது. அவள் எண்ணவில்லை. கூடுதலான இரண்டு புள்ளிகளின் அருகே குந்தி உட்கார்ந்தாள். அன்று அவற்றைத் துடைக்கவில்லை.

மறுநாள் காலை கோலமிட்டுப் படத்தை இட்டபின், முதன்முறையாக, உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள். ஆறேகால் மணிக்கு முதலில் இரண்டு புள்ளிகள் விழுந்தன. விழுந்து, பளு தாங்குவதைப் போலச் சற்றே அகன்றன. அதன்பிறகு, அவற்றின் நடுவே, மெல்ல, சுண்டுவிரல் விலகிய வலது கால் வந்து ஊன்றியது. இந்த இரண்டு மாதமும் முழுதாக வந்து நின்றவரைத் தான் நாள்தோறும் மாலையில் கட்டைவிரலால் துடைத்ததை அவள் நினைத்தாள்.

"வாண்ணே" என்றாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொணர்ந்து கோலத்தின் ஓரத்தில் போட்டு, "உக்காரு. எம்புட்டு நேரந்தான் நின்னுக்கிட்டே இருப்ப" என்றாள். எதிர் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த செண்பகவடிவு துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தன் பங்குக்குத் தானும் வாங்க என்றாள்.

செய்தி கேட்ட பரமகல்யாணி, மாமாவின் நட்பு அழைப்பை உடனே ஏற்றுக்கொள்ளுமாறு சொன்னாள். "இரு ஏட்டி. நான் நேர்ல போயி அழைச்சுட்டு வந்து ஏத்துக்கிடுதேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றாள் உலகம்மாள். அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் பேருந்திலும் அரிதாகவே ஏறியவள், தாம்பாளத்தையும் சந்தனக் கிண்ணத்தையும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகளோடு திருநெல்வேலியில் மும்பை வண்டி ஏறினாள்.

பழைய பத்திரிகையில் இருந்த விலாசம் மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம், மூன்றாம் மாடி. கதவு திறந்திருந்தது. உலகம்மாள் வெளியிலேயே நின்று, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், பூ யாவற்றையும் அடுக்கி, இரு கையாலும் ஏந்திக்கொண்டு, குரல் கொடுக்காமல் காத்திருந்தாள். உள்ளே ஊன்றுகோல்கள் தளத்தைத் தட்டும் ஓசை கேட்டது. இரண்டு தட்டு, பிறகு ஒரு காலடி. அவள் வாசலில் ஓசையில்லாமல் விழுந்த அதே வரிசை. ஆவுடைநாயகம் வந்து நிலையில் சாய்ந்து நின்றார். எழுபதை நெருங்கும் வயது. தலை முழுதும் நரைத்திருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே வேட்டி மடித்துச் செருகப்பட்டிருந்தது.

"வா, உலகு" என்றார்.

அவள் உள்ளே போகவில்லை. "கல்யாணிக்குத் தை மாசம் கல்யாணம். தாய்மாமன் நீதான் மாலை எடுத்துக்கொடுக்கணும். அவசியம் வந்துரணும்" என்று சொல்லித் தாம்பாளத்தை நீட்டினாள். அவர் ஓர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, ஒரு கையால் சந்தனத்தைத் தொட்டு எடுத்துக்கொண்டார். அதன்பிறகே அவள் படியைத் தாண்டினாள்.

சர்க்கரை நோயில் கால் போய் மூன்றாண்டு ஆகிறது, அன்று முதல் படியிறங்கியதில்லை என்றார். தங்கைக்குத் தெரிவிக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சத்தியம் வாங்கியிருந்ததாகவும், அவள் இரக்கப்பட்டு வருவதைவிட வராமலே இருப்பது மேல் என்று நினைத்ததாகவும் சொன்னார். இறங்க முடியாதவருக்குப் பேத்தி முகநூலைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறாள். முகம் மட்டும் தெரியும்படி ஒரு படத்தை இட்டுவிட்டு, அவர் முதலில் தேடியது தங்கையின் பெயரை. கண்டது அவளுடைய கோலத்தை. அன்று முதல் காலையில் கோலத்தைப் பார்த்த பிறகுதான் காப்பி.

"பாத்தது மட்டுமா செஞ்ச? தினமும் சத்தமில்லாம வந்து சத்தமில்லாம போயிருக்க. நீ வந்ததுக்கு என் வாசல்ல தடம் இருக்குண்ணே" என்று உலகம்மாள் ஊர்க் கதை முழுவதையும் சொன்னாள். அவர் வியப்படையவில்லை. தம் மடித்த வேட்டியைப் பார்த்துவிட்டு, "எத்தனை காலு?" என்று கேட்டார்.

"ஒரு காலு. ரெண்டு புள்ளி."

"புள்ளி வரிசையிலயாவது விழுந்துச்சா?"

"எங்க? உனக்கு என்னைக்கு வரிசை வந்துச்சு? நான்தான் எனக்குக் கை தப்பிப்போச்சுன்னு கண்ணாடி மாத்தினேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, பத்தொன்பது ஆண்டாக நடுவில் கிடந்ததை அவள் எடுத்து வைத்தாள்: "தாலியறுத்தவ வந்துரக் கூடாதுன்னுதான் தபால்ல போட்டியோன்னு நினைச்சேன்."

ஆவுடைநாயகம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உறமுறையைத்தான் கூப்பிடணும். வீட்டு ஆளையுமா கூப்பிடுவாவ? தேதி தெரியட்டும்னு பத்திரிகை போட்டேன். நீ பத்து நாளுக்கு முந்தியே வந்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்வேன்னு வழியப் பாத்துக்கிட்டு இருந்தேன். மணவறைக்கு வலப்பக்கம் உனக்கு ஒரு நாக்காலி போட்டிருந்துச்சு, உலகு. கடைசி வரைக்கும் ஒருத்தரையும் அதுல உக்கார விடல" என்றார்.

உலகம்மாள் அன்று அந்த வீட்டில் கை நனைத்தாள்.

பரமகல்யாணியின் திருமணம் 2018ஆம் ஆண்டு தை மாதம் வாகைநல்லூரில் நடந்தது. ஆவுடைநாயகத்தை மும்பையில் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். மணவறைக்கு வலப்பக்கம் போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்து அவர் மாலை எடுத்துக்கொடுத்தார். மணப்பெண்ணை உலகம்மாளே கைப்பிடித்து அழைத்து வந்தாள். நட்பு அழைப்பை அவள் ஏற்றுக்கொண்டது திருமணத்துக்கு மறுநாள். அண்ணன் அருகில் இருக்கும்போது, அவரைக் கேட்டுக்கொண்டு, ஏற்றாள். அவர் பங்குனி வரை தங்கியிருந்து மும்பை திரும்பினார்.

வாசல்களில் காலடி விழுவது 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் நின்றது. ஏன் வந்தது என்று கேட்காதவர்கள் ஏன் நின்றது என்றும் கேட்கவில்லை. கைலாசத்தின் கடை வாசலில் கரும்பலகை இன்னும் இருக்கிறது. எந்த வீட்டுப் பக்கத்தை அன்று யாரும் பார்க்கவில்லை என்று அவன் இப்போது மற்றவர்களிடம் கேட்டறிந்து எழுதுகிறான். முகநூலைத் திறக்கும் முன் செருப்பைக் கழற்றும் வழக்கத்தை ஊரார் விடவில்லை.

உலகம்மாள் 2021இல் ஓய்வு பெற்றாள். ஆவுடைநாயகம் மும்பையில் இருக்கிறார். அவள் நாள்தோறும் காலை ஆறு மணிக்குப் பதினைந்து புள்ளிக் கோலமிட்டு, வரிசைக்கு வெளியே இரண்டு புள்ளிகளை ஒரு முழ இடைவெளியில் தன் கையாலேயே வைத்துப் படமெடுத்து இடுகிறாள். அவற்றின் நடுவே ஒரு கால் ஊன்றும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறாள். இப்போது அந்தக் கோலத்துக்கு நூற்றுப் பதினைந்து புள்ளிகள். மழையானாலும் பனியானாலும் நூற்றுப் பதினைந்து.